தங்க நானோ துகளில் காந்தம் வருகிறது, அவசர உதவி தேவை

விடியல்:
டோடெக்கேன்தயால் (கந்தகம் உள்ள கரிமச் சேர்மம்) பூசிய தங்கத் துகள் செய்தேன். ஸ்குவிடில் (மிக நுண்ணிய காந்தமானி) அளந்தால் அறை வெப்பநிலையிலேயே ஹிஸ்டெரிசிஸ் வளையம், அதாவது நிலைக்காந்தத்தின் அடையாளம், வருகிறது. தங்கம் டயா காந்தம்தானே, காந்தப்புலத்தை மெல்ல விலக்குவதுதானே? நாளைக்குள் விளக்கம் வேண்டும்.

கரிமேகம்:
துகள் அளவு? எடை? சிக்னல் எத்தனை இமு (காந்த அளவின் அலகு)? எதில் வைத்து அளந்தீர்கள்?

நெய்தல்:
இது நிஜமான விளைவுதான். 2004இல் கிரெஸ்போ குழு 1.4 நானோமீட்டர் துகளில் இதையே பார்த்தது. தயாலின் கந்தகம் தங்கத்தின் 5டி கூட்டிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தக் கூட்டில் துளை (எலக்ட்ரான் இல்லாத இடம்) விழுகிறது, காந்தம் பிறக்கிறது. தயாலுக்குப் பதில் அம்மோனியம் உப்பு பூசிய துகள் டயா காந்தமாகவே இருந்தது.

மூத்தவன்:
இந்த விவாத இழையைத் தொடங்குமுன், பொடியை வைத்து அளக்கும் கேப்சூலைக் காலியாக அளந்து பார்க்க வேண்டாமா? இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்?

விடியல்:
2 நானோமீட்டர் இருக்கும். 10 மி.கி. ஜெலட்டின் கேப்சூல். உச்சத்தில் 10⁻⁵ இமு.

மூத்தவன்:
இரும்பு கிராமுக்கு 218 இமு தரும். உங்கள் சிக்னலுக்கு 46 நானோகிராம் இரும்பு போதும், அதாவது பத்து லட்சத்தில் 5 பங்கு. எஃகு இடுக்கியிலிருந்தே அவ்வளவு ஒட்டிக்கொள்ளும்.

நெய்தல்:
எல்லாமே அழுக்கு என்றால் ரோடியம்? 1993இல் வெற்றிடக் கற்றையில் பறந்த ரோடியக் கொத்துகள் காந்தம் காட்டின. அங்கே இடுக்கி ஏது?

மூத்தவன்:
ரோடியத்தின் 4டி கூடு நிரம்பாதது. தங்கத்தின் 5டி நிரம்பியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அலையோசை:
பல்லேடியத்தை மறந்துவிட்டீர்களே! பெரிய கட்டியாக இருக்கும்போதே காந்தமாகும் விளிம்பில் நிற்கிற உலோகம் அது. ஹைட்ரஜனை உறிஞ்சினால் அந்தக் குணமும் போய்விடும்.

மூத்தவன்:
பாரா காந்தத்தை (புலம் இருக்கும்வரை மட்டும் காந்தம்) ஃபெரோவோடு (புலம் போனாலும் நிற்கும் காந்தம்) குழப்புகிறீர்கள்.

அலையோசை:
விளிம்பில் என்றுதான் சொன்னேன், சரியாகப் படியுங்கள்.

கரிமேகம்:
பல்லேடியத்துக்குத் தனி இழை போடுங்கள். விடியல், வெறும் கேப்சூல் இரண்டு எடுங்கள். ஒன்றை எஃகு இடுக்கியாலும் மற்றதைப் பிளாஸ்டிக் இடுக்கியாலும் பிடித்து அளந்து பாருங்கள். காந்தக் கலக்கியின் டெஃப்லான் உறையில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பொடியை ஐசிபிக்கு (தனிமங்களின் அளவைக் காட்டும் சோதனை) அனுப்புங்கள். ஆனால் கேப்சூலின் வெளிப்புறத்தில் ஒட்டிய இரும்பு அதில் தெரியாது.

விடியல்:
எஃகு இடுக்கி பட்ட வெறும் கேப்சூலிலும் வளையம் வந்தது, பாதி உயரத்துக்கு. பிளாஸ்டிக்கில் இல்லை. ஐசிபிக்குக் கொடுத்துவிட்டேன். நன்றி.

நெய்தல்:
சரி, அந்த மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? அதே பொடியைப் பிளாஸ்டிக் இடுக்கியால் நிரப்பி மறுபடி அளந்துவிட்டுச் சொல்லுங்கள்.