டைடல் 120, டிரம் மெஷின் 60: மிடி க்ளாக் எங்கே சறுக்குது?

கேள்வி (கோத்தகிரி):
டைடல்சைக்கிள்ஸில் (கோடு எழுதி இசை வாசிக்கிற மென்பொருள்) செட்சிபிஎஸ் 0.5 (நொடிக்கு அரை சைக்கிள்), சைக்கிளுக்கு 4 பீட், அதாவது 120 பிபிஎம் (நிமிஷத்துக்கு 120 பீட்). டிரம் மெஷினுக்கு மிடி (இசைக்கருவிகள் பேசிக்கிற முறை) வழியா வேகம் சொல்ற க்ளாக் வரி "மிடிக்ளாக்*48". மெஷின் 60 காட்டுது. சிந்த்தில் (சிந்தசைசரில்) கார்ட்ஸ் (சேர்ந்து ஒலிக்கிற நோட்டுகள்) விழும்போதெல்லாம் மெஷினோட ஹை-ஹாட் (தட்டுச் சத்தம்) தடுமாறுது. மழைக்காலம் வேற, கரண்ட் போய் வந்தா மெஷின் ஓடவே மாட்டேங்குது. என்ன பண்ணலாம்ணா?

பதில் (குன்னூர்):
மெஷின் சரியாத்தான் காட்டுது தம்பி. மிடி க்ளாக் பீட்டுக்கு 24 டிக் (தாளத் துடிப்பு). 4 பீட்டுக்கு 96. 48-ங்கறது 2 பீட் சைக்கிள் கணக்கு. "மிடிக்ளாக்*96" போடுங்க, 20.8 மில்லிசெகண்டுக்கு ஒரு டிக் போகும்.

ரீபூட் ஆன மெஷினுக்கு டிக் வந்துகிட்டேதான் இருக்கும், ஸ்டார்ட் செய்தி மட்டும் போயிருக்காது. அதை அனுப்ப டைடலோட 'ஒன்ஸ்' கட்டளை வேண்டாம், அது உடனே சுட்டுடும், ஒண்ணாம் தாளம் சைக்கிள் நடுவில் போய் உட்காரும். டி2-வில் (டைடலோட ரெண்டாவது பேட்டர்ன் வரி) மிடிகமாண்ட் "ஸ்டார்ட்" போட்டா சைக்கிள் தலையில் போகும். மெஷின் கிளம்பினதும் டி2-வை சைலன்ஸ் பண்ணி நிறுத்திடுங்க. மறந்தா சைக்கிளுக்கு ஒரு தரம் முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

பதில் (கொடைக்கானல்):
தடுமாற்றத்துக்குக் காரணம் நெரிசல். 5 பின் மிடி ஒயரில் நொடிக்கு 31,250 பிட். ஒரு நோட்டுக்கு 3 பைட், கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். 6 நோட்டு கார்ட்னா 6 மில்லிசெகண்ட். டிக்குக்கு முன்னுரிமை தராத மிடி இன்டர்ஃபேஸில் (கம்ப்யூட்டரையும் கருவியையும் இணைக்கிற பெட்டி) டிக் வரிசையில் நிக்கும். க்ளாக்குக்குத் தனி போர்ட் கொடுங்க, மலிவான யுஎஸ்பி-மிடி ஒயரை நம்பாதீங்க.

மெஷின் தடுமாறாம ஒரே அளவு முந்தினா அது வேற கதை: சூப்பர்கொலைடரில் (டைடலுக்குப் பின்னால ஓடுற ஒலி மென்பொருள்) அந்த மிடிஅவுட்டின் லேட்டன்சியை (தாமதத்தை) 0.01 நொடி வீதம் கூட்டிப் பாருங்க.