கயிறு இழுக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே விசைன்னா, ஒரு பக்கம் மட்டும் எப்படித் தோக்குது?

தையல்கடை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். பிசிக்ஸுக்கும் எனக்கும் ஆகாது. பொங்கலுக்கு எங்க ஊரில் கயிறு இழுக்கிற போட்டி வச்சாங்க. பத்தாவது படிக்கிற என் பொண்ணும் இருந்த எட்டுப் பேர் டீம் கீழத்தெருப் பிள்ளைங்க கிட்டத் தோத்து, கடைசியில் எல்லாரும் ஒருத்தி மேல ஒருத்தி விழுந்தாங்க. முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டுக்கிட்டு இருக்கும்போது கேக்குறா: "ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டுன்னு இயக்க விதிகள் பாடத்துல இருக்கும்மா. அவங்க எங்களை எவ்வளவு இழுத்தாங்களோ, நாங்களும் அவங்களை அவ்வளவுதானே இழுத்திருக்கோம்? அப்புறம் ஏன் நாங்க மட்டும் போனோம்?"

"நீங்க கம்மியா இழுத்தீங்க, அதான்"னு சொன்னேன். "அப்போ நியூட்டன் சொன்னது பொய்யா?"ங்கிறா. டியூஷன்ல கேட்டதுக்கு, விதியை அப்படியே எழுதினா மார்க் வந்துரும்னு சொல்லி முடிச்சுட்டாங்களாம். எனக்கு மனசு ஆறலை. யாராவது புரியிற மாதிரி சொல்லுங்க.

சும்மா வந்தேன்:
ஜெயிச்ச டீம் அதிக விசை கொடுத்தாங்க, அவ்வளவுதான். சமமான எதிர்விசை எல்லாம் ஆடாம நிக்கிற பொருளுக்கு மட்டும்தான் பொருந்தும்.

ரிடையர்டு வாத்தியார்:
மேல சொல்லியிருக்கிறது தப்பு. பொருள் நின்னாலும் ஓடினாலும் மூன்றாம் விதி மாறாது. உங்க பொண்ணு கேட்டது சரியான கேள்விம்மா. 1687இல் அந்த விதியை எழுதும்போது நியூட்டனே, கயிறு கட்டிக் கல்லை இழுக்கிற குதிரையைத்தான் உதாரணமா வச்சார். கல்லும் குதிரையை அதே அளவு பின்னால இழுக்குதுன்னு அங்கேயே சொல்லிட்டார்.

சிக்கல் எங்கேன்னா, அந்த ரெண்டு விசையும் ஒரே ஆள் மேல இல்லை. ஒண்ணு உங்க பொண்ணு டீம் மேல, இன்னொண்ணு கீழத்தெரு டீம் மேல. வேற வேற ஆள் மேல விழுற விசைகளைக் கூட்டிக் கழிக்கவே கூடாது. என் வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவாங்க. ஒரு டீமை மட்டும் தனியா வரைஞ்சு பாருங்க. கயிறு முன்னால இழுக்குது. வேற யார் அவங்களைப் பிடிக்கிறது? தரைதான். காலால தரையை முன்னால தள்ளுறோம், தரை நம்மைப் பின்னால தள்ளுது. அந்த உராய்வு யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிப்பாங்க.

கணக்காப் பார்க்கலாம். கீழத்தெரு மொத்தம் 400 கிலோ, உங்க தெரு 360 கிலோன்னு வைங்க. தரை அவங்களுக்கு 2,000 நியூட்டன் கொடுக்குது, உங்களுக்கு 1,620. வித்தியாசம் 380. மொத்த நிறை 760 கிலோ. வகுத்தா முடுக்கம் 0.5, அதாவது வினாடிக்கு வினாடி அரை மீட்டர் வேகம் கூடும். கயிற்றில் இழுவிசை 1,800. ரெண்டு பக்கமும் அதே 1,800தான்! அவங்க பக்கம் 2,000இல் 1,800 போக 200 மிச்சம். உங்க பக்கம் தரை கொடுக்கிற 1,620ஐ விடக் கயிறு 180 கூடுதலா இழுக்குது. 200ஐ 400 கிலோவாலயும் 180ஐ 360 கிலோவாலயும் வகுத்துப் பாருங்க, ரெண்டுக்கும் அதே 0.5 வரும்.

சரி, உங்க பொண்ணு நின்ன இடம் எப்படி இருந்தது? காலில் என்ன போட்டிருந்தா?

டிராக்டர் தம்பி:
அக்கா, சார் சொல்றது நூத்துக்கு நூறு. சேத்து வயல்ல எங்க வண்டி நிக்கும், என்ஜின் உறுமும், சக்கரம் சுத்தும், வண்டி மட்டும் நகராது. என்ஜினுக்குச் சக்தி இல்லையா? மண்ணுல பிடி இல்லை. அதுக்குத்தான் இரும்பு கேஜ் வீல் மாட்டுறோம்.

பழைய பேப்பர் பைத்தியம்:
கயிறு இழுக்கிறது 1900லேருந்து 1920 வரைக்கும் ஒலிம்பிக்ஸ்ல இருந்த விளையாட்டு. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல லிவர்பூல் போலீஸ் டீம் கனமான பூட்ஸ் போட்டு இழுத்தாங்கன்னு அமெரிக்கக்காரங்க புகார் கொடுத்துப் பெரிய சண்டை. புகார் எடுபடலை. சண்டை கையைப் பத்தி இல்லை, பூட்ஸைப் பத்தி, கவனிங்க.

தையல்கடை அக்கா:
சார், நீங்க கேட்டதும் தலையில அடிச்சுக்கிட்டேன். எங்க பக்கம் அடிபம்பு இருக்கு. காலையில கோலத்துக்குத் தண்ணி தெளிச்சு, வாளி வாளியா எடுத்து, அந்த இடமே சொதசொதன்னு கிடந்தது. அதுல ரப்பர் செருப்போட நின்னுச்சுங்க எங்க பிள்ளைங்க. கீழத்தெருப் பிள்ளைங்க வெறுங்கால், காஞ்ச மண்ணு.

பொண்ணு விடலை. பழைய பேப்பர்காரர் கிட்ட ஒண்ணு, மீன்காரம்மா கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு ஸ்பிரிங் தராசு வாங்கிட்டு வந்தா. கொக்கியோட கொக்கி மாட்டி ஹாலில் இழுத்தோம். நான் வெறுங்கால், அவ ஸ்கூல் சாக்ஸ். டைல்ஸ் தரை. அவ சர்ருன்னு என் பக்கம் வழுக்கிட்டு வரா, தராசு ரெண்டும் ஆறு கிலோவை ஒட்டியே நிக்குது! பன்னிரண்டு காட்டும்னு நான் நினைச்சேன். ஆறுதான். அப்புறம் என்னை சாக்ஸ் போடச் சொல்லி, அவ வெறுங்காலோட இழுத்தா. தையல் மெஷின் வரைக்கும் போய் இடிச்சேன்.

ஒரே ஒரு குறை. ஒரு தராசு எப்பவும் நூறு, இருநூறு கிராம் கம்மியாக் காட்டுச்சு. நியூட்டன் தோத்துட்டாரோன்னு பயந்து தராசை மாத்திப் பிடிச்சோம். குறைச்சல் தராசோடவே போச்சு, ஆளோட வரலை. அது ஏன் சார்?

ரிடையர்டு வாத்தியார்:
மாத்திப் பிடிச்சுப் பார்க்கத் தோணுச்சே, அதுக்கே அந்தப் பொண்ணுக்குத் தனி மார்க். தொங்கவிட்டா கொக்கியோட எடை ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்து வச்சிருக்கும், அந்த நிலையிலதான் முள்ளைப் பூஜ்ஜியத்தில் வச்சிருப்பாங்க. கிடையாப் பிடிச்சா அந்த எடை ஸ்பிரிங்கை இழுக்காது, அதனால முள் பூஜ்ஜியத்துக்கும் கீழே போயிரும். கனமான கொக்கி உள்ள தராசு இன்னும் கம்மியாக் காட்டும். மீன்காரம்மா தராசில் கொக்கி பெருசா இருக்கும், பாருங்க.

தையல்கடை அக்கா:
ஆமா சார், அதுதான் பெருசு!