அண்ணன் மகளின் குழந்தையை என் பெயரில் எழுதச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பெரம்பலூர் அத்தை (கேள்வி)

எனக்கு வயது 43. பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. காரணம் படித்தால் புரியும்.

பங்குனி முதல் வாரத்தில் அண்ணன் தன் மகளைத் திருப்பூரிலிருந்து அழைத்துவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று இரவு கடைசிப் பஸ்ஸில் வந்து, விடிவதற்கு முன் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். அவளுக்கு 17 வயது. கையில் இருபது நாள் பெண் குழந்தை. ஒரு துணிப்பையில் குழந்தைக்குக் கிழித்த பழைய வேட்டித் துண்டுகள், அவற்றுக்கு அடியில் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் புத்தகம். "கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும்" என்றார் அண்ணன். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

பிரசவம் நடந்த மருத்துவமனையிலிருந்தே காவல்துறைக்குத் தகவல் போய்விட்டது. வழக்கு இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

பிள்ளை பேசுவதில்லை. கேட்டால் "ம்" என்பாள். பால் கொடுக்கும்போது மட்டும் குழந்தையின் உள்ளங்காலை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள். இந்த ஒரு மாதத்தில் அவளாக வாய் திறந்தது ஒரே முறைதான். மண்டியிலிருந்து வந்த வெங்காயச் சீட்டை என் வீட்டுக்காரர் திண்ணையில் வைத்திருந்தார். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, கழிவை இரண்டு தடவை கழித்திருக்கிறார்கள்" என்றாள். பார்த்தால் உண்மைதான். அன்றிலிருந்து அவர் எல்லாச் சீட்டையும் அவளிடம்தான் நீட்டுகிறார். அவளும் வாங்கிப் பார்க்கிறாள்.

என் மாமியார் அக்கம்பக்கத்தில் "புருஷன் துபாயில் இருக்கிறான்" என்று சொல்லிவைத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான். ஆனால் அதைச் சொன்னபோது பிள்ளை உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுபோனதை நான் பார்த்தேன்.

இப்போது என் சிக்கலுக்கு வருகிறேன். போன வாரம் அண்ணி போன் செய்தார். "மார்பில் மல்லிகைப் பூவை வைத்து மூன்று நாள் இறுக்கிக் கட்டு, பால் வற்றிவிடும். அவளை இங்கே அனுப்பிவிடு, குழந்தையை நீயே வைத்துக்கொள். உன் வீட்டில் பிறந்ததாகவே எழுதிவிடலாம், செய்து கொடுக்க ஆள் இருக்கிறது" என்றார். நான் பூ வாங்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு இரண்டும் பையன்கள். பெரியவன் டிப்ளமா படிக்கிறான், சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. இந்தக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காலில் போட்டுச் சாம்பிராணி காட்டும்போது, இது என்னோடு இருந்துவிடாதா என்று மனம் போகிறது. அதனாலேயே என் முடிவை நானே நம்பவில்லை. உங்களிடம் கேட்கிறேன்.

குழந்தைக்கு 45 நாள் ஊசி போட வேண்டும். நாள் தாண்டிவிட்டது. அங்கே போனால் கேள்வி கேட்பார்களே என்று வீட்டில் தடுக்கிறார்கள். அவள் பொதுத்தேர்வும் எழுதவில்லை. எதை முதலில் செய்வது?

ஓய்வு பெற்ற செவிலி

31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் சொல்கிறேன். முதலில் ஊசி. வருகிற புதன்கிழமையே போங்கள். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி இவற்றுக்கெல்லாம் காப்பு அந்த ஊசியில்தான் தொடங்குகிறது. நாள் தள்ளிப்போனால் குற்றமில்லை. போகாமலே இருந்தால்தான் குற்றம். பிரசவத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லாவிட்டாலும் போடுவார்கள். செவிலியர் கேட்கும் கேள்விகள் பதிவேட்டுக்காக. தாயின் வயதைப் பார்த்து முகம் மாறுகிறவர்களும் உண்டு, மறைக்க மாட்டேன். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

பூ கட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். நன்றாகச் சுரக்கிற மார்பை இறுக்கிக் கட்டினால் பால் கட்டிக்கொண்டு சீழ் வைத்துக் காய்ச்சலில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். உங்கள் மாமியார் உரைமருந்து, வசம்பு என்று நாக்கில் தடவுகிற பழக்கம் உள்ளவர் என்றால் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

அந்தப் பிள்ளையையும் பாருங்கள். 17 வயது என்றால் அவள் உடம்பே இன்னும் வளர்கிற உடம்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும். அங்கன்வாடியில் பெயர் கொடுத்தால் சத்துமாவு கிடைக்கும். முருங்கைக்கீரையும் பூண்டும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. இரவில் குழந்தை தூங்கும்போது அவளும் தூங்குகிறாளா? தட்டில் சோறு மீதம் இருக்கிறதா? இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அக்கம்பக்கத்துக்கு "அண்ணன் மகள், அவள் குழந்தை" என்பது போதும். துபாயை இழுத்தால் நாளைக்குத் துபாய்க்காரன் எப்போது வருவான் என்று கேட்பார்கள்.

மேற்கு வாசல்

பெயரில்லாமல் எழுதுகிறேன். 1994-ல் எனக்கு 16 வயது. மதுரையிலிருந்து கம்பத்துக்குப் பக்கத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயே பிரசவம். ஒன்பதாவது நாள் மல்லிகை கட்டினார்கள். வீடு முழுக்க மணம். பக்கத்து அறையில் குழந்தை அழும்போதெல்லாம் கட்டுக்குள்ளேயே பால் கசிந்து பூ நனைந்துவிடும். வேறு பூ வைத்துக் கட்டுவார்கள். அப்புறம் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். படித்தேன், வேலைக்குப் போனேன். இன்றும் பஸ்ஸில் பக்கத்தில் பூ வைத்த பெண் உட்கார்ந்தால் எழுந்து நின்றுகொள்கிறேன்.

என் மகன் சித்தியின் மகனாக வளர்ந்தான். என்னை அக்கா என்று கூப்பிடுகிறான். சித்தியைக் குறை சொல்ல வாய் வராது. அவனுக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் தரையில் படுத்தவர். 2022-ல் அவனுக்குக் கல்யாணம். பாத பூஜை சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடந்தது. தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். கை நடுங்கியதைப் பார்த்துப் புகைப்படக்காரர் "மெதுவாக, மெதுவாக" என்றார்.

அவனுக்கு இன்னும் தெரியாது. இனிமேல் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

உங்களுக்கு அந்தக் குழந்தை மேல் ஆசை வந்ததில் தவறில்லை. அத்தையாகவே வளர்க்கலாமே. ஒரே வீடுதானே. அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. நீங்கள் அவளைக் கேளுங்கள். "ம்" என்றால் அதை பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னொரு நாள் கேளுங்கள்.

வழக்கறிஞர், திருச்சி

சட்டப்பக்கம் மட்டும் சொல்கிறேன். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பு அங்கிருந்தே பதிவாகியிருக்கும், தாயின் பெயரோடு. "வீட்டில் பிறந்தது" என்று இன்னொரு சான்றிதழ் எடுத்தால் அது பொய்ப்பதிவு. கையெழுத்து போடப் போகிறவர் நீங்கள். சிக்கினால் அந்த "ஆள்" அகப்பட மாட்டார். இதில் ஏற்கெனவே வழக்கும் நடக்கிறது. ஒரே குழந்தைக்கு இரண்டு தாய் என்று நீதிமன்றத்தில் வெளிவந்தால், பிள்ளையின் வழக்குக்கே கேடு.

தந்தை பெயர் இல்லாமல் சான்றிதழ் வாங்க முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். திருமணமாகாத தாய் விண்ணப்பித்தால் அவரது உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குழந்தையின் பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. ஆகவே அவசரமில்லை.

பிள்ளை மாவட்டம் மாறி வந்திருப்பதைக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்துவிடுங்கள். 1098-ஐ அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்குக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்; போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்கில் இடைக்கால இழப்பீட்டுக்கும் மனு போடலாம். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டது சரி, இனியும் சொல்லாதீர்கள்.

நீங்கள் வளர்ப்பதற்கு யாருடைய சான்றிதழும் மாற வேண்டியதில்லை.

கணக்கு வாத்தியார்

தேர்வைப் பற்றி மட்டும். மார்ச்சில் எழுதாதவர்கள் துணைத்தேர்வு எழுதலாம். மே மாதம் முடிவு வந்த கையோடு விண்ணப்பம் கேட்பார்கள்; பள்ளி மூலமோ அரசுத் தேர்வு சேவை மையத்திலோ போட வேண்டும். அவளுடைய நுழைவுச்சீட்டு எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். மண்டிச் சீட்டில் இரட்டைக் கழிவைக் கண்டுபிடித்த பிள்ளைக்குக் கணக்குப்பதிவியலில் நான் சொல்லித்தர அதிகம் இருக்காது. ஆனாலும் சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள், தினமும் மாலை பார்க்கிறேன்.

பெரம்பலூர் அத்தை

எல்லாருக்கும் நன்றி. புதன்கிழமை போய்வந்தோம். அம்மா பெயர் என்ன என்று கேட்டபோது, நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். குரல் எழும்பவில்லை. செவிலியர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள்.

அண்ணனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக அண்ணி சொல்கிறார். வரட்டும், சோறு போட்டுப் பேசுகிறேன்.

மேற்கு வாசல் அம்மா, நீங்கள் எழுதியதைப் பிள்ளைக்குக் காட்டவில்லை. மாமியாருக்கு வாசித்தேன். நாத்தனார் முடிச்சு வந்த இடத்தில் "போதும் நிறுத்து" என்றார். அன்று மாலை பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தபோது துபாய்ப் பேச்சு வரவில்லை.

பிள்ளையைக் கேட்டேன். "ம்" என்றாள். நேற்று வெங்காயம் சேமித்துவைக்கும் பட்டறையில் விதை வெங்காயம் பொறுக்கும்போது திரும்பக் கேட்டேன். வெகுநேரம் கழித்து, "பரீட்சைக்குப் போனால் இவளை யார் பார்த்துக்கொள்வது, அத்தை?" என்றாள். நான் இருக்கிறேனே என்றேன்.

செவிலி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். ஊசி போட்ட இரவு குழந்தைக்கு உடம்பு சுட்டது, அவர்கள் கொடுத்த சொட்டு மருந்தில் விடியற்காலை தணிந்துவிட்டது. ஆனால் இடது தொடையில் புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. தொட்டால் அழவில்லை. தானாகக் கரைந்துவிடுமா, இல்லை காட்ட வேண்டுமா?