மேயர்ஹாஃப் ஸ்காலர்களோடு (ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் உதவித்தொகைத் திட்டத்தில் படிப்பவர்கள்) பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பால்டிமோர்வாசி:
யுஎம்பிசி-யில் (மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுன்ட்டி வளாகம்) பிஎச்டி பண்ணும்போது முதல் வருடப் பிள்ளைகளுக்கு வேதியியல் டிஸ்கஷன் கிளாஸ் எடுத்தேன். நான் உள்ளே போவதற்கு முன்பே முன்வரிசை நிரம்பியிருக்கும். கடைசி பெஞ்சிலேயே பட்டம் வாங்கிய எனக்கு அது விசித்திரமாக இருந்தது. விசாரித்தால், "அவங்க மேயர்ஹாஃப் பசங்க, முன்னாடிதான் உட்காருவாங்க" என்றார்கள்.

ஒரு நாள் குவிஸ் தாள் திருப்பிக் கொடுத்தேன். முழு மார்க் வாங்கிய பையன் கிளம்பவில்லை. பக்கத்தில் இருந்தவனின் தாளை என் முன்னால் வைத்து, "இவனுக்கு மூணாவது கணக்கு ஏன் போச்சு? வீட்டுல இதை நான்தான் இவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன், நான் சொன்னதுல தப்பா?" என்று கேட்டான். தன் மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எத்தனையோ மாணவர்களைப் பார்த்துவிட்டேன், அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

தெரியாதவர்களுக்காக: 1988-ல் ராபர்ட், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதி கொடுத்த பணத்தில் ஃப்ரீமன் ஹ்ரபௌஸ்கி தொடங்கிய திட்டம் இது. 1989-ல் வந்த முதல் அணி 19 கறுப்பின மாணவர்கள், எல்லாரும் ஆண்கள். அடுத்த வருடம் பெண்கள் வந்தார்கள், 1996-லிருந்து எந்த இனத்தவரும் சேரலாம். பள்ளியில் நன்றாகப் படித்த கறுப்பினப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்ததும் வேதியியலிலும் கால்குலஸிலும் சறுக்கி, அறிவியலையே விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தனியாக அறையில் முட்டி மோதாமல் கூடிப் படிக்க வைப்பதுதான் ஹ்ரபௌஸ்கியின் மருந்து. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. 1963-ல் அமெரிக்காவின் பர்மிங்காமில் கறுப்பினத்தவர் உரிமைக்காக நடந்த சிறுவர் ஊர்வலத்தில் நடந்து, 12 வயதில் சிறைக்குப் போனவர். 1992 முதல் 2022 வரை பல்கலைக்கழகத் தலைவரும் அவர்தான்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

கொலம்பியா அம்மா:
தம்பி, என் மூத்தவள் அந்தத் திட்டத்தில் படித்தவள். கல்லூரி தொடங்கும் முன்னாலேயே ஆறு வாரம் 'சம்மர் பிரிட்ஜ்' என்று வளாகத்தில் தங்க வைத்துவிடுவார்கள். பாடமும் உண்டு, ஒழுங்கும் உண்டு. போன் கையில் இருக்காது, எங்கே போனாலும் கூட்டமாகப் போகணும், ஒருத்தர் லேட் என்றால் எல்லாருக்கும் திட்டு. கேட்டதும் என் வீட்டுக்காரர், "நாமக்கல் ஹாஸ்டலுக்கு அனுப்பியிருந்தா செலவு மிச்சமாயிருக்கும்" என்று சிரித்தார்.

இங்கே வீட்டில் அவளை எழுப்ப நான் தொண்டை கிழியக் கத்தணும். அங்கே போய்ப் பார்த்தால், விடியற்காலையில் எழுந்து பக்கத்து அறைப் பெண்ணின் கதவைத் தட்டுகிறாள். அந்தப் பெண்ணுக்கு அலாரம் அடித்தாலும் முழிப்பு வராதாம், அதனால் அவளை எழுப்புவது இவள் பொறுப்பு. யாரும் போட்டுக் கொடுத்த பொறுப்பு இல்லை, இவளாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் பழையபடி பத்து மணி வரை தூக்கம், அது வேறு கதை.

கணக்கு டீச்சர், திருச்சி பக்கம்:
படிக்கப் பொறாமையாக இருக்கிறது. எங்கள் கல்லூரியில் 'தலைமைப் பண்பு' என்றால் இரண்டு நாள் பயிலரங்கு. மைக்கில் ஒருவர் கைதட்டச் சொல்வார், சால்வை, சான்றிதழ், குரூப் போட்டோ. உதவித்தொகை வாங்குகிற பையனை மேடைக்குக் கூப்பிட்டு, கொடுத்தவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வைப்பார்கள். மறுநாளிலிருந்து வகுப்பில் அவனுக்கு 'ஸ்காலர்ஷிப்' என்றே பட்டப்பெயர். அப்புறம் அவன் எதற்கு முன்வரிசைக்கு வரப்போகிறான்?

ஆனால் ஒரு கேள்வி. அங்கே எடுப்பதே நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளைத்தானே? அவர்கள் எங்கே போட்டாலும் முளைப்பார்கள். திட்டத்தால் வந்தது என்று எப்படிச் சொல்வது?

பால்டிமோர்வாசி:
டீச்சர், சரியான இடத்தில் பிடித்தீர்கள். இதை அவர்களும் யோசித்திருக்கிறார்கள். இடம் கிடைத்தும் வேண்டாமென்று வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதே தரத்துப் பிள்ளைகள்தான். இங்கே சேர்ந்தவர்கள் அறிவியல், பொறியியல் பிஎச்டிக்குப் போவது அவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம். ஆகவே தேர்வு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

நான் பார்த்தவரை சூட்சுமம் சீனியர்களிடம் இருக்கிறது. ஒரு பாடத்தில் சி கிரேடு வாங்கினால் அதைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். பாஸ்தானே ஆச்சு என்று விடமாட்டார்கள். அப்படித் திரும்பப் படித்துத் தேறிய மூன்றாம் வருடப் பெண் ஒருத்தி ஞாயிறு மாலைகளில் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எங்கே வழுக்கும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்குப் பின்னால் உழைத்த கிஸ்மேக்கியா கார்பெட்டும் இந்தத் திட்டத்தில் வந்தவர்தான். அந்தச் செய்தி வந்தபோது எங்கள் பழைய லேப் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி.

பணமும் ஆட்களும் நிறைய வேண்டும், அதை மறைக்கவில்லை. பென் ஸ்டேட், வட கரோலினா பல்கலைக்கழகங்கள் 2013-ல் இதே பாணியில் தொடங்கியபோது இவர்களோடு கலந்து பேசித்தான் செய்தார்கள்.

கொலம்பியா அம்மா:
ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். பிஎச்டி, பிஎச்டி என்று அந்த ஒரே திசையில்தான் வண்டி போகும். 17 வயதில் பிள்ளைக்கு அவ்வளவு தெளிவு இருக்கணுமே. என் சின்னவனுக்கு அது சரிப்படாது என்று நாங்கள் விண்ணப்பமே போடவில்லை.

கணக்கு டீச்சர், திருச்சி பக்கம்:
அந்த ஞாயிறு மாலை விஷயத்துக்குப் பெரிய பணம் வேண்டாம் போலிருக்கிறதே. விடுதிப் பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்து, போன வருடம் அரியர் வைத்து எழுதித் தேறிய சீனியர் ஒருவரைக் குழுவுக்கு ஒருவராகப் போடலாம் என்று பார்க்கிறேன். முதல் செமஸ்டர் கணக்குத் தாளுக்கு மட்டும். உதவித்தொகை யார் வாங்குகிறார்கள் என்பது எந்தக் குழுவுக்கும் தெரிய வேண்டியதில்லை. எங்களுக்கு இடம்தான் சிக்கல், நூலகத்தை அஞ்சு மணிக்கே பூட்டிவிடுவார்கள். வாட்ச்மேன் அண்ணனிடம் பேசியிருக்கிறேன், பிரின்சிபாலிடம் ஒரு லெட்டர் வாங்கி வந்தால் சாவி தருகிறேன் என்கிறார்.