ஒட்டு காய்ந்தது, அடிமரம் காய்த்தது

கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம். தாத்தா காலத்தில் காப்பிக்கு நடுவே கமலா ஆரஞ்சு நின்றதாம். நோய் விழுந்து அத்தனையும் போய்விட்டது. மறுபடி வைத்துப் பார்ப்போம் என்று ஆறு கண் ஒட்டுக் கன்றுகள் வாங்கி நட்டேன்; அடிமரம் என்கிற வேறொரு வகை நாற்றின் தண்டில் கமலாவின் கண்ணை, அதாவது மொட்டை, வைத்துக் கட்டியவை. வாசலோரம் வைத்தது இரண்டாம் கோடையில் மேலே காய்ந்துவிட்டது. ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து ஒரு போத்து கிளம்பியது. வழக்கமாக அதைக் கிள்ளி எறிய வேண்டும். மேலேதான் உயிரே இல்லையே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

காய்க்க ஏழு வருஷம் ஆனது. சின்ன இலை, குடை மாதிரி அடர்ந்த மரம். கார்த்திகையில் பார்த்தால் எலுமிச்சை அளவில், மேலும் கீழும் அமுக்கிவிட்ட மாதிரி செக்கச்செவேல் என்று பழங்கள். தோல் கமலா போலவே கழன்று வந்தது. சுளையை வாயில் போட்டதும் பல் கூசியது, அவ்வளவு புளிப்பு!

அடிமரமாக வைக்கும் ரங்பூர் என்ற புளிப்பு எலுமிச்சை வகையாக இருக்கும் என்று நினைத்து, தோட்டக்கலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் காட்டினேன். "இல்ல தம்பி, ரங்பூருக்குக் கொழுந்துலயும் மொட்டுலயும் ஊதா ஓடும். உங்க மரத்துல மொட்டு வெள்ளையாத்தானே இருந்துச்சு? இது கிளியோபாட்ரா" என்றார். அடிமரத்துக்கு வைக்கும் ஒரு கமலா இனம் அது. நம் நாட்டில் தோன்றியதாகக் கருதப்படும் வகை; 1888க்கு முன்பே ஜமைக்கா வழியாக ஃபுளோரிடா போய்ச் சேர்ந்துவிட்டது. இதன் வேரில் ஒட்டிய ஆரஞ்சு ஆரஞ்சு மரங்களைக் காய வைக்கும் டிரிஸ்டிசா நச்சுயிரியைத் தாங்கும், உப்பு மண்ணையும் பொறுக்கும். காய்ப்புக்கு வரத்தான் தாமதம்.

ஒரு விதையை உரித்துப் பார்த்தேன். உள்ளே பருப்பு இளம்பச்சை. மணலில் போட்டால் ஒரே விதையில் இரண்டு, மூன்று நாற்று வருகிறது. பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாய்மரத்தின் திசுவிலிருந்தே முளைப்பதால் அச்சு அசல் தாயைப் போலவே இருக்கும். சோனியாகவும் இலை மாறியும் வருவதை மட்டும் பிடுங்கிவிடுகிறேன். இப்போது அடிமரத்துக்காக நாற்பது பைகளில் கன்று நிற்கிறது.

"கண் எடுக்குற மரம் நோயில்லாததா இருக்கணும், இல்லாட்டி உங்க தாத்தா பட்ட பாடுதான்" என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தண்டு பென்சில் பருமனுக்கு வந்ததும் நல்ல தாய்மரமாகப் பார்த்துக் எங்கள் மலைக் கமலாவான கொடை ஆரஞ்சுக் கண் வாங்கிக் கட்ட வேண்டும்.

மாசி பிறந்தும் வாசல் மரத்தில் பழம் உதிரவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். அம்மா எலுமிச்சைக்குப் பதில் இதைத்தான் ரசத்தில் பிழிகிறார்.