சூரிக்–மிலன் ரயில் பயணம்: நடுவே மலையில் ஒரு இரவு எங்கே தங்கலாம்?

கேள்வி (புதுப்பயணி):
ஜூன் நடுவில் சூரிக்கிலிருந்து மிலன் போகிறோம். மூன்று பேர், அம்மாவுக்கு 66 வயது, மெதுவாகத்தான் நடப்பார். பெரிய சூட்கேஸ் இரண்டு. ஆல்ப்ஸ் மலையில் பெர்னினா கணவாயைக் கடக்கும் ரயில் பாதை வழியாகப் போய் ஒரு இரவு மலையில் தங்க எண்ணம். பெர்னினா எக்ஸ்பிரஸ் என்ற சுற்றுலா ரயிலில் பதிவு செய்துவிட்டு நடுவில் இறங்கி ஏறலாமா? ஒருமுறை நுழைவு ஷெங்கன் விசா போதுமா?

தண்டவாளம்:
நேர் ரயிலை விட்டது நல்லது. அதில் போனால் 57 கி.மீ. கோட்ஹார்ட் சுரங்கத்தில் மலையின் வயிற்றைத்தான் பார்ப்பீர்கள்.

எக்ஸ்பிரஸ் உங்களுக்குச் சரிப்படாது. இருக்கை முன்பதிவு கட்டாயம், அதுவும் அந்த ஒரு வண்டிக்கு மட்டும். இறங்கினால் பதிவு போச்சு. சன்னலும் திறக்காது, படமெடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். அதே தண்டவாளத்தில் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலி எல்லை ஊரான திரானோவுக்குச் சாதாரண வண்டி மணிக்கொன்று ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம், சில பெட்டிகளில் சன்னலை இறக்கலாம். சூரிக்–கூர் ஒன்றேகால் மணி, கூர்–செயின்ட் மோரிட்ஸ் இரண்டு மணி, அங்கே மாறிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் உட்காருங்கள், மோர்டெராட்ச் பனியாறு, லாகோ பியாங்கோ ஏரி, புருசியோ வளையப் பாலம் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

சுவிஸ் சாதாரண டிக்கெட் அன்றைய நாள் முழுதும் செல்லும், வழியில் இறங்கி ஏறலாம். மலிவாகக் கிடைக்கும் சேமிப்பு டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும்தான். பலர் ஏமாறுவது இங்கேதான்.

மலைக்காற்று:
தங்க என் ஓட்டு கணவாய்க்கு அப்பால் கீழே இருக்கும் போஸ்கியாவோ ஊருக்கு. பலர் மேலே இருக்கும் ஆல்ப் க்ரூம் நிலையம் என்பார்கள். நிலையத்திலேயே விடுதி, எதிரே பாலூ பனியாறு, எல்லாம் உண்மை. ஆனால் கார் போகும் சாலை கிடையாது, உயரம் 2091 மீ., மேகம் இறங்கினால் வெள்ளைச் சுவர்தான்.

போஸ்கியாவோ 1014 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் கணவாயைக் கடந்து இறங்கி வந்து தங்குங்கள். காலையில் வானம் தெளிந்திருந்தால் சூட்கேஸை விடுதியில் விட்டு, வெறுங்கையோடு மறுபடி ஆல்ப் க்ரூம் ஏறுங்கள். சுமார் 40 நிமிடம். பல்சக்கரம் இல்லாமல் 7 விழுக்காடு சரிவில், வளைந்து வளைந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் பாதை அது. நேரம் போவதே தெரியாது. முதல் நாள் மேகம் கெடுத்தாலும் இரண்டாவது வாய்ப்பு கையில் இருக்கும்.

வழித்துணை:
மேலே சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பனியாற்றை நடந்துபோய்ப் பார்க்க வேண்டுமென்றால் கணவாய்க்கு முன்னால் வரும் போண்ட்ரெசினா ஊர்தான் வசதி. மோர்டெராட்ச் நிலையத்திலிருந்து நல்ல பாதை, பனியாறு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று வழிநெடுகப் பலகை. ஆனால் அம்மாவுக்குப் போக வர இரண்டு மணிக்கு மேல் ஆகும். நிலையத்திலிருந்து ஊருக்கும் ஏற்றம். அதனால் உங்களுக்குப் போஸ்கியாவோவே பரவாயில்லை.

கணவாய் உச்சி நிலையமான ஓஸ்பிசியோ பெர்னினாவிலிருந்து (2253 மீ.) ஆல்ப் க்ரூம் வரை நடப்பதை விட்டுவிடுங்கள். ஜூன் நடுவிலும் பாதையில் பனி கிடக்கலாம். சிறு நிலையங்களில் பொத்தானை அழுத்தினால்தான் வண்டி நிற்கும்.

தண்டவாளம்:
விசா கேள்வி விட்டுப்போச்சு. இரண்டு நாடும் ஷெங்கன்தான், ஒருமுறை நுழைவு போதும். பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்.

திரானோவில் சுவிஸ் நிலையமும் இத்தாலி நிலையமும் அடுத்தடுத்த கட்டடம். மிலனுக்கு இரண்டரை மணி, முன்பதிவு இல்லை. இயந்திரத்தில் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுமுன் முத்திரை குத்துங்கள், இல்லையென்றால் அபராதம். இங்கேயும் வலப்பக்கம், கோமோ ஏரி கூடவே வரும். வண்டி மலைப்பாதை போல் மணிக்கொன்று என்று நம்ப வேண்டாம், ஒன்றை விட்டால் காத்திருப்பு நீளும். கோடையில் பராமரிப்பு நடந்தால் பாதி வழி பேருந்துதான். முந்தின நாளே கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.