மேனுவல் டெஸ்டிங்கில் (சாஃப்ட்வேரைக் கையால் சோதிக்கிற வேலை) இருக்கேன்: பைத்தானா ஜாவாவா, இன்ஸ்டிட்யூட்டா சொந்தமாவா?

பொம்மனஹள்ளி_டெஸ்டர்:
எஸ்க்யூஎல் நல்லா வரும், எக்செல் மேக்ரோ ஓரளவு எழுதுவேன். இனி ஒரு மொழியை உருப்படியா கத்துக்கணும். பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மாச 'ஃபுல் ஸ்டாக்' கோர்ஸ்: ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், ஸ்பிரிங் பூட் எல்லாம் உண்டாம். எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீஸ் முடிஞ்சு வந்தா ராத்திரி ஒரு மணி நேரம் மிஞ்சும், சனி ஞாயிறு கொஞ்சம் கூடுதல். அங்க சேரலாமா, என்பிடெல்லா (ஐஐடிகளோட ஆன்லைன் பாடத் தளம்), யூடியூபே போதுமா? எங்க ஆட்டோமேஷன் டீம் செலினியத்தை (பிரவுசரைத் தானா ஓட்டிச் சோதிக்கிற கருவி) ஜாவாவில் எழுதுறாங்க.

அல்சூர்வாசி:
உங்க கையில் இருக்கிற நேரத்துக்கு ஆறு மாசத்தில் நாலு விஷயம் ஏறாது. ஸ்பிரிங் பூட்ங்கிறது ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதுற தயார் சட்டகம், பாதி வேலையைத் திரைக்குப் பின்னாடியே முடிச்சிடும். லூப், ஃபங்ஷன் மாதிரி அடிப்படையே கைக்கு வராத நேரத்தில் அதில் ஒரு எரர் வந்தா எங்கே தப்புன்னே புரியாது.

பைத்தான் எடுங்க. என்பிடெல்லில் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் நடத்துற எட்டு வார கோர்ஸ் இருக்கு. டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் வரைக்கும் போகும். சேர்றது இலவசம், நேரில் தேர்வு எழுதினா மட்டும் கட்டணம். ஜனவரி, ஜூலை பருவங்களில் சேர்ந்தா அசைன்மென்டுக்குக் கெடு இருக்கும். தனியா படிக்கிறவங்களுக்கு அந்தக் கெடுதான் முக்கியம்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். இருபது நிமிஷம் பார்த்தா மூடி வச்சிட்டு, அதே புரோகிராமை வெற்றுப் பக்கத்தில் பார்க்காம எழுதுங்க. எங்க கை நிக்குதோ அதுதான் அன்னைக்குப் பாடம். எடிட்டரில் ஏஐ வரியை முடிச்சுக் குடுக்கிற வசதியை முதல் சில மாசம் அணைச்சு வைங்க. எரர் வந்தா உடனே கூகுளுக்கு ஓடாதீங்க: கடைசி வரி என்ன தப்புன்னு சொல்லும், அங்கிருந்து மேல ஏறி, உங்க ஃபைல் பெயர் முதலில் எங்க வருதோ அந்த வரியைப் பாருங்க.

இந்திராநகர்_மூலை:
எனக்கு இதில் உடன்பாடில்லை. கேள்வியின் கடைசி வரியைக் கவனிக்கலையா? பக்கத்து சீட்டில் ஜாவா எழுதுறவங்க இருக்காங்க. எழுதினதைப் பார்த்து 'இந்த லூப் எதுக்கு?'ன்னு கேட்க ஆள் கிடைக்கிறது எந்தக் கோர்ஸை விடவும் மேல். எண் வர வேண்டிய இடத்தில் ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்) போட்டா ஜாவா ஓடுறதுக்கு முன்னாடி, கம்பைல் ஆகும்போதே மறிக்கும். பைத்தான் அந்த வரி ஓடும்வரை வாயே திறக்காது.

ஒரு பொறி மட்டும் இப்பவே சொல்லிடறேன். ஜாவாவில் ரெண்டு ஸ்டிரிங்கை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடாதீங்க, ஈக்வல்ஸ் மெத்தட்தான். கோடிலேயே நேரா எழுதின ஸ்டிரிங்குகளுக்கு இரட்டைச் சமக்குறி சரியா வர்ற மாதிரி தெரியும், ஃபைலில் இருந்து படிச்சதும் கவுத்துடும். காரணம், அது எழுத்துகளைப் பார்க்காது. ரெண்டும் நினைவகத்தில் ஒரே பொருளான்னுதான் பார்க்கும்.

பொம்மனஹள்ளி_டெஸ்டர்:
ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்களே! சரி, எந்த மொழியானாலும் பயிற்சிக்கு என்ன எழுதுறது? கால்குலேட்டர், டூ-டூ லிஸ்ட் எல்லாம் அலுத்துப் போச்சு.

மல்லேஸ்வரம்_8வது_கிராஸ்:
அந்த ஆட்டோமேஷன் டீமுக்கே மாறுற எண்ணம் இருந்தா ஜாவா, இல்லைன்னா பைத்தான். அதுக்கு மேல யோசிக்காதீங்க. மொழியை நடுவில் மாத்துறதுதான் நேரத்தைத் தின்னும்.

பயிற்சிக்கு, பேங்க் ஸ்டேட்மென்டை சிஎஸ்வியா (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிச்ச டெக்ஸ்ட் ஃபைல்) இறக்கி, மளிகை, வாடகை, பெட்ரோல்னு மாசவாரியா கூட்டிக் காட்டுற ஒண்ணை எழுதுங்க. சின்ன வேலை, ஆனா அதில் எல்லா வம்பும் இருக்கு. பைத்தானில் என்ன நடக்கும்னா:

முதல் அடி ஃபைல் பெயரில் விழும். புரோகிராமுக்கு சிஎஸ்வின்னே பெயர் வச்சா, இம்போர்ட் பண்ணும்போது பைத்தானோட அதே பெயர் மாட்யூலுக்கு (கூடவே வர்ற தயார் கோடு) பதிலா உங்க ஃபைலையே எடுத்துக்கும். எரரோ 'ரீடர் இல்லை'ன்னு சம்பந்தமில்லாம வரும். 'செலவு_கணக்கு' மாதிரி வைங்க.

அடுத்து தொகை. 1,25,000.00ன்னு காற்புள்ளியோட இருக்கிறதை நேரா எண்ணாக்கினா வேல்யூ எரர். காற்புள்ளியை எடுத்துட்டு மாத்தணும். டெபிட் இல்லாத வரியில் அந்தக் கட்டம் காலியா இருக்கும், அதுக்கும் அதே எரர்தான். ஃப்ளோட்டில் (சாதாரண தசம எண் வகை) பணத்தைக் கூட்டாதீங்க: 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 வரும், ஏன்னா 0.1ஐ பைனரியில் முழுசா எழுத முடியாது. டெசிமல் மாட்யூல் எடுத்து, ஸ்டிரிங்கில் இருந்து உருவாக்குங்க. ஃப்ளோட்டில் இருந்து உருவாக்கினா பிழையும் கூடவே வந்துடும். ஜாவான்னா பிக்டெசிமல், அதே எச்சரிக்கை.

தேதியில் 03/04/2025 ஏப்ரலா மார்ச்சான்னு புரோகிராம் ஊகிக்கக் கூடாது. நாள், மாதம், வருடம்னு வடிவத்தை நீங்களே குடுங்க.

தமிழ்ப் பெயரைப் பத்தி தனியா சொல்லணும். நாமளே வகைகளுக்குத் தமிழில் பெயர் வச்சு நெடுவரிசையா அச்சிட்டா கோணல்மாணலா நிக்கும். 'முருகன்' நமக்கு நாலு எழுத்து. பைத்தானிலும் ஜாவாவிலும் நீளம் கேட்டா 7 வரும், உகரக் குறி ரெண்டும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படுது. சி மொழியில் யூடிஎஃப்-8 (எழுத்தை பைட்டா சேமிக்கிற ஒரு முறை) வச்சுக் கேட்டா 21, அங்க கணக்கு பைட்டில். ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். விண்டோஸில் ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு எழுதலைன்னா தமிழே கந்தலாயிடலாம்.

இது ஓடினதும் அதே ஃபைலை ரெண்டு தடவை ஏத்தினா தொகை இரட்டிக்குதான்னு பாருங்க. டெஸ்டருக்கு இதை நான் சொல்லணுமா என்ன.